ஐந்து நாள்தான் கையில்: கோபன்ஹேகனா, ஸ்டாக்ஹோமா, ஓஸ்லோவா?

ஸ்காண்டிநேவியாவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, ஐந்தாறு நாளுக்குள் மூன்று தலைநகரங்களையும் அடுக்கிவிடுவது. வரைபடத்தில் மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்போலத் தெரியும். ஆனால் கோபன்ஹேகனிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு வேக ரயிலிலேயே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டாக்ஹோம் - ஓஸ்லோவும் ஐந்து முதல் ஆறு மணி நேரம். ஓஸ்லோ - கோபன்ஹேகன் கப்பல் பிற்பகலில் கிளம்பி மறுநாள் காலையில்தான் கரை சேரும். விமானம் ஒரு மணி நேரம்தானே என்றால், அறையைக் காலி செய்வது, விமான நிலையம் போவது, சோதனை, மறுபடி ஊருக்குள் வருவது என்று அரை நாளுக்கு மேல் போய்விடும். மூன்று ஊர் என்றால் ஐந்து நாளில் இரண்டு நாள் பெட்டியோடு கழியும். ஐந்து நாளுக்கு ஓர் ஊர், எட்டு நாளுக்கு இரண்டு. இதுவே சரியான அளவு.

எது என்பதற்கு எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் ஸ்டாக்ஹோம். மற்ற மாதங்களிலும், வயதானவர்களோ சிறு பிள்ளைகளோ உடன் வந்தாலும் கோபன்ஹேகன். மலையும் காடும் பனியும் வேண்டுமென்றால், அல்லது அங்கிருந்து மேற்கே ஃபியோர்டுகளுக்கு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல் கால்கள்) போகப் போகிறீர்கள் என்றால் ஓஸ்லோ. காரணங்களைப் பார்ப்போம்.

அதற்கு முன் விசா. டென்மார்க் (கோபன்ஹேகன்), சுவீடன் (ஸ்டாக்ஹோம்), நார்வே (ஓஸ்லோ) மூன்று நாடுகளும் ஷெங்கன் வட்டத்துக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனாலும் ஷெங்கனில் உண்டு. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். விசா கிடைத்த பிறகு ஓட்டல்களை மாற்றி வேறு நாட்டில் அதிக நாள் தங்கினால் எல்லையில் கேள்வி வரும், அடுத்த விண்ணப்பத்திலும் அது இடிக்கும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடு வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போகிறவர்கள் சீக்கிரம் தொடங்குவது நல்லது, ஏனென்றால் ஏப்ரல், மே மாதங்களில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம். சென்னையிலிருந்து மூன்று ஊருக்குமே நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழியாக மூன்றுக்கும் போகலாம் என்பதால், விமான வசதியை வைத்து ஊரைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. மலிவு விமானத்தில் வேறு ஐரோப்பிய ஊரிலிருந்து போகிறவர்கள் மட்டும் விமான நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள்: 'ஸ்டாக்ஹோம்' என்று விற்கப்படும் ஸ்காவ்ஸ்டா நகரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, 'ஓஸ்லோ' என்று விற்கப்படும் தோர்ப் இன்னும் கொஞ்சம் கூடுதல் தூரம்.

கோபன்ஹேகன்: தட்டையான ஊர், குறைந்த அலைச்சல்

வந்து இறங்கிய நிமிடத்திலிருந்தே சுலபமான ஊர் இது. காஸ்ட்ரூப் விமான நிலையம் நகர மையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். மூன்றாம் முனையத்திலேயே மெட்ரோ நிலையம். கால் மணி நேரத்தில் நகர நடுவில் இருப்பீர்கள். ஓட்டுநர் இல்லாத அந்த மெட்ரோ இரவு முழுக்க ஓடுகிறது. நள்ளிரவில் வந்து சேரும் வளைகுடா விமானத்துக்கு இதைவிட வசதி இல்லை. இங்கே அடிக்கடி நடக்கும் பிசகு ஒன்று உண்டு. விமான நிலையத்திலிருந்து மையத்துக்கு மூன்று மண்டல டிக்கெட் வேண்டும். ஊருக்குள் பயன்படும் இரண்டு மண்டல டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஏறினால், மெட்ரோவில் நுழைவுக் கதவு இல்லாததால் யாரும் தடுக்க மாட்டார்கள். உள்ளே பரிசோதகர் வந்தால் அபராதம்தான். புதிதாக வந்தவன், தெரியாது என்ற விளக்கம் எடுபடாது.

ஊர் தட்டை. பழைய நகரம் கையடக்கம். நகர மன்றச் சதுக்கத்திலிருந்து ஸ்த்ரோயட் கடைவீதி வழியாக நடந்தால் ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் பெரிய சதுக்கம், அதைத் தாண்டியதும் வண்ண வீடுகள் நிற்கும் நூஹவ்ன் கால்வாய், அங்கிருந்து பத்து நிமிடத்தில் அமாலியன்போர் அரண்மனை. அரச குடும்பத்துக் காவலர் மாற்றம் பகல் 12 மணிக்கு. இன்னும் வடக்கே போனால் 1913இல் வைத்த கடற்கன்னி சிலை. ஒன்றேகால் மீட்டர் உயரம்தான் என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். அதற்காக மட்டும் அவ்வளவு தூரம் நடப்பவர்கள் முகம் சுருங்கித்தான் திரும்புகிறார்கள். காஸ்டெல்லெட் கோட்டை மேட்டையும் சேர்த்து நடந்தால் அந்த வழி நியாயமாகும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வட்டக் கோபுரத்தைப் பரிந்துரைக்கலாம். 1642இல் முடிந்த அந்த வானாய்வுக் கோபுரத்தில் படிகளுக்குப் பதில் சுழன்று ஏறும் சாய்தளம். உச்சியில் மட்டும் சில படிகள். மாறாக, மீட்பர் தேவாலயத்தின் சுழல் கூம்பில் 400 படிகள். கடைசி 150 கட்டடத்துக்கு வெளியே, காற்றில். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேண்டாம். மழைக்கும் பலத்த காற்றுக்கும் மூடிவிடுவார்கள்.

வட்டக் கோபுரத்தையும் ரோசன்போர் அரண்மனையையும் கட்டிய மன்னர் நான்காம் கிறிஸ்தியான் நமக்குத் தொலைவானவர் அல்லர். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்றது இவருடைய டென்மார்க்தான். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கும்வரை அந்த ஊர் டேனியர் கையில் இருந்தது. தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு ரோசன்போரின் அறைகள் வேறு விதமாகப் பேசும். தரங்கம்பாடியைப் பெற்ற நான்கு ஆண்டு கழித்து, 1624இல், தீயில் அழிந்த ஓஸ்லோவை இடம் மாற்றிக் கட்டிக் கிறிஸ்தியானியா என்று தன் பெயரைச் சூட்டியவரும் இவரே. 1925இல்தான் அந்த ஊர் பழைய பெயருக்குத் திரும்பியது.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு கோபன்ஹேகன் பாதி விலையில் கிடைத்த மாதிரி. ஆனால் விதிகள் கறார். வலப்பக்கம் ஒட்டி ஓட்ட வேண்டும். நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வேலைக்குப் பறந்து வருகிறவர் மோதுவார். சந்திப்பில் நேரே சாய்ந்து இடப்பக்கம் திரும்பக் கூடாது. முதலில் எதிர் முனைவரை நேராகக் கடந்து, அங்கே நின்று, பிறகு திரும்ப வேண்டும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த இடப்பக்கத் திருப்பத்தில்தான் தடுமாற்றம் வரும். நடந்து போகிறவர்கள் சைக்கிள் பாதையில் கால் வைக்கவே கூடாது. பேருந்திலிருந்து இறங்கும்போது இதை மறப்பதுதான் வழக்கம்.

கோபன்ஹேகனின் உண்மையான பலம் பக்கத்து ஊர்கள். கடலோர ரயிலில் வடக்கே 35 நிமிடத்தில் ஹும்லெபெக்: நவீன ஓவியத்துக்கான லூயிசியானா அருங்காட்சியகம், திங்கள் விடுமுறை. அதே ரயிலில் இன்னும் பத்து நிமிடம் போனால் ஹெல்சிங்கோர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் கதை நடக்கும் குரோன்போர் கோட்டை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். மேற்கே அரை மணி நேரத்தில் ரோஸ்கில்டே: மன்னர்கள் புதைக்கப்பட்ட பேராலயமும், 1962இல் கடலடியிலிருந்து எடுத்த ஐந்து வைக்கிங் கப்பல்களும். 2000இல் திறந்த ஊரசுண்ட் பாலத்தின் வழியே சுவீடனின் மால்மோவுக்கு 40 நிமிடம். அங்கே போகும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஷெங்கன்தானே என்று அறையில் விட்டுவிட்டுப் போனால் எல்லைச் சோதனையில் திண்டாட நேரும்.

ஸ்டாக்ஹோம்: நீரைப் பார்க்க வேண்டிய ஊர்

மேலாரன் ஏரி பால்டிக் கடலைத் தொடும் இடத்தில் 14 தீவுகளின் மேல் கட்டிய நகரம். அழகில் மூன்றில் இதுதான் முதல் என்று தயங்காமல் சொல்லலாம். அந்த அழகு முழுக்க நீரிலிருந்து வருவது. ஆகவேதான் கோடையை வற்புறுத்துகிறோம். படகுகள் அடிக்கடி ஓடி, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும் ஜூலை ஸ்டாக்ஹோமும், மூன்று மணிக்கே இருட்டும் டிசம்பர் ஸ்டாக்ஹோமும் இரண்டு வேறு ஊர்கள்.

ஆர்லாண்டா விமான நிலையம் 40 கிலோமீட்டர் வடக்கே. ஊருக்குள் வர நான்கு வழி. ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் சுமார் இருபது நிமிடம், ஆனால் ஒருவருக்கு 300 குரோனாவுக்கு மேல். விமானப் பேருந்து முக்கால் மணி நேரம், கட்டணம் அதில் பாதி அளவு. புறநகர் ரயில் சுமார் 40 நிமிடம், ஆனால் விமான நிலைய ரயில் நிலையத்தைப் பயன்படுத்துவதற்கே தனிக் கட்டணம் சேரும். நான்காவது வழிதான் பலருக்குத் தெரிவதில்லை: 583ஆம் எண் பேருந்தில் மார்ஸ்தா போய், அங்கே புறநகர் ரயில் ஏறுவது. சாதாரண நகர டிக்கெட் ஒன்றே, 40 குரோனா சொச்சம், 75 நிமிடம் செல்லும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெட்டியை ஒருமுறை ஏற்றி இறக்க வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு மிச்சமாகும் தொகையில் ஒரு நல்ல மதியச் சாப்பாடே முடிந்துவிடும். நகருக்குள் மெட்ரோ வாசலில் வங்கிக் கார்டையே தட்டிப் போகலாம். ஒரு கார்டுக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியவற்றில் வாசா கப்பலுக்கு ஈடு மூன்று ஊரிலும் இல்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்துக்குக் கிளம்பி, 1,300 மீட்டர்கூடத் தாண்டாமல், வேடிக்கை பார்க்க வந்த ஊரின் கண் முன்னாலேயே மூழ்கிய போர்க்கப்பல். 64 பீரங்கிகளைச் சுமந்த மேல் தளங்களின் எடைக்கு அடிப்பாரம் ஈடு கொடுக்கவில்லை. சாதாரணக் காற்று ஒன்று வீசியதும் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்தது. 333 ஆண்டு கழித்து 1961இல் தூக்கினார்கள். பால்டிக் நீரில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே வாழாது. அதனால்தான் நாம் பார்ப்பது ஏறக்குறைய முழுக்க அசல் மரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 8.30க்கே திறக்கிறார்கள், அப்போதே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் தோளை உரசும். 18 வயது வரை அனுமதி இலவசம். மரத்தைக் காக்க உள்ளே குளுமையாக வைத்திருப்பார்கள். கோடையிலும் ஒரு மேல்சட்டை வேண்டும்.

வாசா இருக்கும் யூர்கோர்டன் தீவிலேயே ஸ்கான்சன் இருக்கிறது. 1891இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய திறந்தவெளி அருங்காட்சியகங்களில் ஒன்று. சுவீடனின் பல மூலைகளிலிருந்து பெயர்த்து வந்த வீடுகள், பண்ணைகள், கரடி, கடமான். மேட்டுப்பாங்கான இடம், அரை நாள் ஆகும். பிள்ளைகளோடு போகிறவர்கள் வாசாவையும் இதையும் ஒரே நாளில் வைத்தால் அதற்கு மேல் வேறு எதையும் வைக்காதீர்கள். ஸ்லுஸ்ஸனிலிருந்து யூர்கோர்டனுக்கு வரும் படகு நகர டிக்கெட்டிலேயே அடங்கும். அந்தப் பத்து நிமிடப் பயணத்தில் கிடைக்கும் காட்சிக்கு, காசு கொடுத்துச் சுற்றும் படகுகூடத் தேவைப்படாது.

மழை நாளுக்கு மெட்ரோ. நூறு நிலையங்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் கலைப்படைப்புகள். நீலத் தடத்தில் குங்ஸ்த்ரேகோர்டன், தே-சென்ட்ராலன், ரோதுசெத், சோல்னா சென்ட்ரும் நான்கையும் இறங்கி ஏறிப் பாருங்கள். வாசலுக்கு வெளியே போகாதவரை ஒரே டிக்கெட்.

ஒரு முழு நாளைத் தீவுக்கூட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். சுமார் 30,000 தீவுகளும் பாறைத் திட்டுகளும் உள்ள கடற்பரப்பு அது; அதைப் பார்க்காமல் திரும்பினால் ஸ்டாக்ஹோமைப் பார்த்ததாகவே ஆகாது. எளிய வழி வக்ஸ்ஹோல்ம்: ஸ்த்ரோம்காயன் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், திரும்பும்போது 670ஆம் எண் பேருந்து. கடைசிப் படகைத் தவறவிடும் கவலை இருக்காது.

குறைகளும் உண்டு. பழைய நகரமான கம்லாஸ்தான் முழுக்கக் கருங்கல் பாவிய தெரு. தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் சிரமம். சோதர்மால்ம் பகுதி செங்குத்தான ஏற்றம். நகர மன்றத்தின் உள்ளே, நோபல் விருந்து நடக்கும் நீலக் கூடத்துக்கு வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள், அன்றன்றைக்கு இடம் தீர்ந்துவிடும். ஜூன் 19க்கும் 25க்கும் இடைப்பட்ட வெள்ளிக்கிழமை வரும் மிட்சொம்மர் பண்டிகையில் ஊரே காலியாகிக் கடைகள் மூடிக் கிடக்கும். அன்று ஸ்கான்சனில் மலர்க் கம்பம் நடும் விழாவுக்குப் போவதே நல்ல வழி.

ஓஸ்லோ: ஊரைவிட ஊரைச் சுற்றியது பெரிது

அரண்மனை, பழைய தெரு, கால்வாய் என்று எதிர்பார்த்து ஓஸ்லோ போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அது அந்த ஊரின் குற்றமில்லை. ஃபியோர்டின் தலைமாட்டில், காட்டு மலைகளின் மடியில் இருக்கும் நகரம் அது. மெட்ரோவின் ஒன்றாம் தடம் அரை மணி நேரத்தில் உங்களைக் கடல் மட்டத்துக்கு 469 மீட்டர் மேலே, ஃப்ரொங்னெர்செத்தரன் காட்டு விளிம்பில் இறக்கிவிடும். வழியில் ஹோல்மன்கோலன் பனிச்சறுக்குத் தாவுமேடை. எதிர்த் திசையில், நகர மன்றத்துக்கு முன்னாலிருந்து சாதாரண நகர டிக்கெட்டில் படகேறினால் சில நிமிடங்களில் ஹோவெதோயா தீவு. 1147இல் நிறுவிய மடாலயத்தின் இடிபாடுகள், நீந்தும் கரைகள். காட்டையும் கடலையும் ஒரே நகர டிக்கெட்டில் ஒரே நாளில் தரும் தலைநகரம் இது.

கார்டர்முன் விமான நிலையம் சுமார் 50 கிலோமீட்டர். இங்கே பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு. வெளியே வந்ததும் கண்ணில் படுவது ஃப்ளூதோகெத் விரைவு ரயிலின் பலகை, இருபது நிமிடத்தில் ஊர். அதே தண்டவாளத்தில் ஓடும் வூ நிறுவனத்தின் சாதாரண ரயில் 23 நிமிடம், கட்டணம் ஏறத்தாழப் பாதி. மூன்று நிமிடத்துக்கு இரட்டிப்புப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

திட்டமிடுமுன் தெரிய வேண்டியவை இரண்டு. முதலாவது, பிக்டெய் தீபகற்பத்தின் புகழ்பெற்ற வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் 2022இலிருந்து புதுக் கட்டடப் பணிக்காக மூடியிருக்கிறது. 2027இல் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். பழைய வழிகாட்டிக் குறிப்புகள் இன்னும் அதைப் பட்டியலின் தலையில் வைத்திருக்கின்றன. வைக்கிங் கப்பல்தான் உங்கள் குறி என்றால், இப்போதைக்கு அது கோபன்ஹேகன் பக்கத்து ரோஸ்கில்டேவுக்குப் போட வேண்டிய ஓட்டு. பிக்டெய்யில் துருவப் பயணக் கப்பல் ஃப்ராம், 1947இல் 101 நாளில் பசிபிக்கைக் கடந்த கொன்-திக்கி மரத்தெப்பம், மரத்தாலான கோல் தேவாலயம் நிற்கும் நாட்டுப்புற அருங்காட்சியகம் மூன்றும் உள்ளன. 30ஆம் எண் பேருந்து ஆண்டு முழுக்கப் போகிறது.

இரண்டாவது, நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்கின் 'அலறல்' ஓவியம். 1893ஆம் ஆண்டின் பெயர்பெற்ற வண்ணப் படைப்பு இருப்பது மூங்க் அருங்காட்சியகத்தில் இல்லை. 2022இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில். மூங்க் அருங்காட்சியகத்தில் உள்ளவை வேறு வடிவங்கள், ஒளி பட்டால் மங்கும் என்பதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டுவார்கள். தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தேசிய அருங்காட்சியகமே போதும்.

காசு செலவில்லாமல் பார்க்க ஓஸ்லோவில்தான் நிறைய. 2008இல் திறந்த ஓபரா மாளிகையின் வெண்பளிங்குக் கூரைமேல் நடந்தே ஏறலாம் (மழையிலும் பனியிலும் வழுக்கும்). 200க்கு மேற்பட்ட சிலைகள் நிற்கும் வீகெலான் பூங்கா இரவு பகல் திறந்திருக்கும்; 12ஆம் எண் டிராம் வாசலில் நிற்கும். அமைதிக்கான நோபல் பரிசு வழங்கும் நகர மன்றக் கூடமும் இலவசம்.

ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் நகரமும் இதுதான். குரூருத் பள்ளத்தாக்கில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. 2015இல் நகரின் துணை மேயரானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம். மையத்துக்கு நடந்தே போகும் தூரத்திலுள்ள குரோன்லான் பகுதிக் கடைகளில் அரிசியும் காய்கறியும் மசாலாவும் மற்றப் பகுதிகளைவிட மலிவு. சமைக்க வசதியுள்ள அறை எடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் மூன்று ஊரிலும் வெளிச் சாப்பாட்டுக்கு அதிகம் கரையும் ஊர் பெரும்பாலும் ஓஸ்லோ. ஞாயிற்றுக்கிழமை நார்வேயில் பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

செலவும் நகர அட்டைகளும்

மூன்றுமே விலை கூடிய ஊர்கள்தான். வித்தியாசம் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதில்தான். ஸ்டாக்ஹோமில் வேலை நாள்களில் 11 மணி முதல் 2 மணிவரை உணவகங்கள் தரும் 'தாகென்ஸ் லுஞ்ச்' மதியச் சாப்பாட்டில் சாலட், ரொட்டி, காபி பெரும்பாலும் சேர்ந்தே வரும். இரவு அதே மேசையில் அதே உணவுக்குக் கணிசமாகக் கூடும். பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுவதே அங்கே முதல் சிக்கனம். ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ ஓட்டல்கள் அலுவலகப் பயணிகளை நம்பி நடப்பவை என்பதால் வார இறுதியிலும் ஜூலையிலும் வாடகை இறங்குவது வழக்கம். கோபன்ஹேகனில் கோடை வந்தால் ஏறத்தான் செய்யும். மால்மோவில் தங்கிக் கோபன்ஹேகன் போய்வரும் யோசனை ஒருவருக்குக் கட்டுப்படியாகலாம். நான்கு பேர் தினமும் பாலம் கடந்தால் ரயில் கட்டணமே மிச்சத்தை விழுங்கிவிடும். நாணயம் மூன்றும் வேறு வேறு. நோட்டு மாற்றவே வேண்டாம், எல்லா இடத்திலும் கார்டு செல்லும். சுவீடனில் பல கடைகள் ரொக்கத்தை வாங்குவதேயில்லை.

அட்டைகளில் கோபன்ஹேகன் அட்டை மட்டுமே யோசிக்காமல் வாங்கத் தக்கது. விமான நிலையப் பயணம், ஹெல்சிங்கோர், ரோஸ்கில்டே ரயில்கள்வரை அதில் அடங்கும். திவோலி பூங்காவின் நுழைவும் உண்டு, ராட்டினங்களுக்குத் தனி. 1843இல் திறந்த அந்தப் பூங்கா ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. பருவங்களுக்கு இடையில் வாரக்கணக்கில் மூடுவார்கள் என்பதால் தேதியைச் சரிபாருங்கள். ஓஸ்லோ அட்டையில் நகரப் போக்குவரத்து உண்டு, விமான நிலையம் இல்லை. இலவச இடங்கள் அதிகமுள்ள ஊரில், நாளுக்கு மூன்று அருங்காட்சியகமாவது பார்த்தால்தான் அது கட்டும். ஸ்டாக்ஹோமின் சுற்றுலா அட்டையில் பேருந்தும் மெட்ரோவும் சேராது. அங்கே 72 மணி நேரப் போக்குவரத்து டிக்கெட்டும் தனித்தனி நுழைவுச் சீட்டுமே கணக்குக்குச் சரி.

குளிர்காலத்தில் போவதானால்

டிசம்பர் கடைசியில் ஓஸ்லோவிலும் ஸ்டாக்ஹோமிலும் பகல் சுமார் ஆறு மணி நேரம், கோபன்ஹேகனில் ஏழு. கோபன்ஹேகனைக் கடல் சூழ்ந்திருப்பதால் குளிர் மிதம், ஆனால் பனிக்குப் பதில் மழையும் எலும்பைத் துளைக்கும் காற்றும். பனியில் விளையாடத்தான் போகிறீர்கள் என்றால் ஓஸ்லோ. ஊருக்குள் சேறாகக் கிடந்தாலும் ஒன்றாம் தடத்தில் மேலே போனால் வெள்ளைக் காடு, சறுக்குவண்டிப் பாதை. பிப்ரவரியில் நடைபாதைப் பனி உருகி இறுகிக் கண்ணாடியாகிவிடும். செருப்புக்கடியில் மாட்டும் 'ப்ரோடர்' முள்பட்டையை முதல் நாளே வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். கை கால் முறிவுகள் அதிகம் நேர்வது மலையில் அல்ல, இந்த நடைபாதைகளில்தான்.

எட்டு நாள் கிடைத்தால்

கோபன்ஹேகனில் நான்கு இரவு, ரயிலில் ஸ்டாக்ஹோம், அங்கே நான்கு இரவு, அங்கிருந்தே ஊர் திரும்பும் விமானம். போக வர ஒரே ஊருக்கு டிக்கெட் எடுத்தால் திரும்பி வரவே ஒரு நாள் போகும். இறங்குவது ஓர் ஊர், ஏறுவது வேறு ஊர் என்று எடுங்கள். ஓஸ்லோவை இந்த இணையில் சேர்ப்பதைவிட நார்வேக்கென்றே தனியாக வைப்பது மேல். ஓஸ்லோவில் மூன்று இரவு, பிறகு 1909இல் திறந்த பெர்கன் ரயில் பாதையில் மேற்கே. ஃபின்சே நிலையத்தில் 1,222 மீட்டர் உயரத்தைத் தொட்டு ஏழு மணி நேரத்துக்குள் பெர்கன் சேரும். வழியில் மிர்டாலில் இறங்கி, இருபது கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் இறங்கும் ஃப்ளோம் ரயிலில் ஃபியோர்டின் கரைக்கே போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் படகிலும் பேருந்திலும் வொஸ் போய் பெர்கனுக்குத் தொடரலாம். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஃப்ளோம் அறைகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அந்த அறையை முதலில் பிடித்துவிட்டு, மற்றத் தேதிகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.